எலெக்ட்ரானிக் மின்சார மீட்டர்களின் உண்மையும் பிழையும்

தராசையும் மரக்காலையும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் நம் விவசாயிகளுக்குத் தொன்றுதொட்டு உண்டு. நெல் அளக்குமிடத்தில் மரக்காலின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, தலை வழிக்கும் கோல் நேராயிருக்கிறதா என்று கவனியாமல் களத்தை விட்டு மூட்டையை அனுப்புகிறவர் மிகச் சிலரே. பருத்தி மண்டியில் சந்தேகம் தோன்றினால் படிக்கற்களைத் தட்டு மாற்றி வைத்து நிறுக்கச் சொல்வதும் சகஜம். ஆனால் வீட்டுச் சுவரிலோ, மாட்டுக் கொட்டகையிலோ, மோட்டார் அறையிலோ மாட்டப்பட்டிருக்கும் மின்சார மீட்டர் விஷயத்தில் மாத்திரம் இந்தப் பழக்கம் கைவிடப்பட்டிருக்கிறது. அதை முழுவதும் நம்புவோர் ஒரு சாரார். முழுவதும் சந்தேகிப்போர் மற்றொரு சாரார். சோதித்துப் பார்ப்போர் அரியர். பற்றுச்சீட்டில் தொகை ஏறினால் மீட்டரைக் குறை கூறுவதும், குறைந்தால் வாளாவிருப்பதும் வழக்கமாய்ப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் 1990-ஆம் வருஷம் முதல் பாசனப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாய்க் கொடுக்கப்பட்டு வருவதால், மீட்டரைப் பற்றி விவசாயிக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். விவசாயி பாசனத்தோடு நின்றுவிடுவதில்லை. குடியிருக்கும் வீடு, கோழிப் பண்ணை, பால் குளிர்விக்கும் நிலையம், மாவு மில், செக்கு, கயிறு திரிக்கும் கொட்டகை ஆகியவற்றில் செலவாகும் மின்சாரம் மீட்டர் கணக்கின்படிதான் விலையாகிறது. பிற மாகாணங்களில் பாசனத்திற்கே மீட்டர் வந்துவிட்டது. மேற்கு வங்காளத்தில் 2007 முதல் ஆழ்குழாய்க் கிணறுகளின் மின் இணைப்புகளில் எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பொருத்தப்பட்டு, பகல், மாலை, இரவு என்று வேளைக்கு வேளை வெவ்வேறு கட்டணம் வாங்கப்படுகிறது. இதற்கும் மேற்பட்ட மாறுதல் ஒன்று குஜராத்தில் தொடங்கியது. அங்குக் கேடா ஜில்லாவின் டுண்டி கிராமத்தில் 2016-ஆம் வருஷம் முதல், சூரியத் தகடுகளால் பம்பு ஓட்டும் விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாய்ச் சேர்ந்து, பாசனத்துக்கு வேண்டாத மின்சாரத்தைக் கம்பி வழியே விற்று வருமானம் பெறத் தொடங்கினர். 2019-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 'குஸும்' திட்டமும் இதே வழியைப் பிற பகுதிகளுக்குத் திறந்து விட்டிருக்கிறது. ஆகவே, இதுவரை விவசாயி கொடுக்கவேண்டிய கடனை மட்டும் அளந்துவந்த கருவி, இனி அவர் பெறவேண்டிய வரவையும் அளக்கப் போகிறது. கூட்டிக் காட்டும் மீட்டரால் எவ்வளவு நஷ்டமோ அவ்வளவு நஷ்டம் குறைத்துக் காட்டும் மீட்டராலும் நேரக்கூடும்.

முன்னாளில் எங்கும் இருந்தது, உள்ளே அலுமினியத் தட்டு சுழலும் மீட்டர். ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஒட்டோ பிளாத்தி என்னும் இன்ஜினீயர் 1889-இல் இவ்வகை மீட்டருக்கு உரிமை பெற்றார். இத்தாலியரான கலிலியோ பெர்ராரிஸ் 1885-இல் கண்டறிந்த சுழல் காந்தப் புலத்தின் தத்துவமே இதற்கு ஆதாரமாதலால், இதைப் பெர்ராரிஸ் மீட்டர் என்றும் அழைப்பதுண்டு. மின் அழுத்தத்திற்கு ஒரு சுருளும் மின்னோட்டத்திற்கு ஒரு சுருளும் தட்டைத் தள்ள, ஒரு நிலைக் காந்தம் அதைப் பின்னுக்கிழுக்க, செலவாகும் சக்திக்கு ஏற்றபடி தட்டு சுழலும். சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணும். நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுவதும் உழைத்த கருவி இது. எனினும் தாங்குமணி தேய்வதும், தூசி படிவதும், எறும்பு கூடு கட்டுவதும் இதற்கு இயல்பு. இவற்றால் தட்டின் ஓட்டம் தடைப்பட்டு, மீட்டர் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும்போது தட்டு அசையாமலே நிற்பதும் உண்டு.

எலெக்ட்ரானிக் மீட்டரில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஓர் உணர்கருவியும், மின் அழுத்தத்தை மற்றொன்றும் கவனிக்க, ஒரு சிறு சில்லு அவ்விரண்டையும் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகிறது. குறிப்பிட்ட அளவு சக்தி சேர்ந்தவுடன் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணையும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வீடுகளுக்கான ஒற்றை பேஸ் மீட்டர்களில் 3200 என்ற எண்ணைப் பல இடங்களில் காணலாம். இந்தியத் தர நிர்ணயம் 13779-இன் கீழ் இம்மீட்டர்கள் வகுப்பு 1, வகுப்பு 2 என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பு 1 என்றால் சாதாரணப் பளுவில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது பொருள். மிக லேசான பளுவில் சிறிது அதிகம் அனுமதிக்கப்படும். 2006-ஆம் வருஷத்து மத்திய மின்சார ஆணையத்தின் மீட்டர் விதிகளின்படி, வீட்டிலும் பண்ணையிலும் வழங்கும் அழுத்தத்தில் வைக்கப்படும் மீட்டர் இந்த வகுப்பு 1 அல்லது அதற்கு மேலான நுட்பமுடையதாயிருக்க வேண்டும்.

பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை வைத்த மாதமே தொகை ஏறிவிட்டது என்னும் முறையீடு கிராமந்தோறும் கேட்கப்படுவது. இதைப் பொய்யென்று தள்ளவும் இயலாது. மீட்டர் மோசம் என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளவும் இயலாது. தேய்ந்துபோன பழைய கருவி நெடுங்காலம் குறைத்துக் காட்டி வந்ததும், இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு, அணைக்காமல் விட்ட தொலைக்காட்சி முதலியவற்றின் அற்பச் செலவைப் புதிய கருவி ஒன்றுவிடாமல் எண்ணுவதும் இதற்குப் பெரும்பாலும் காரணமாயிருக்கும். கட்டண முறையும் இந்த வேற்றுமையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்திற்கு 2022-இல் ஏற்பட்ட கட்டணத்தில், இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு ஒரு கணக்கும், அதைத் தாண்டியவருக்கு வேறொரு கணக்கும் வகுக்கப்பட்டன. உண்மையில் 497 யூனிட் செலவு செய்தவருக்கு, சட்டம் அனுமதிக்கும் ஒரு சதவீதப் பிழை மேல்முகமாய் இருந்தால், மீட்டர் 502 காட்டும். ஐந்து யூனிட் வித்தியாசத்தில் கட்டணம் அந்த ஐந்து யூனிட்டின் விலையளவுக்கு மட்டுமன்றி அதற்கு மேலும் உயர்ந்துவிடுகிறது. கணக்கெடுப்பவர் நாலு நாள் பிந்தி வந்தாலும் விளைவு இதுவேதான்.

இவ்வளவும் சில்லறைப் பிழைகள். எலெக்ட்ரானிக் மீட்டர் பல மடங்கு தவறிப்போகக் கூடுமா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி முறையில் விடை கண்டவர்கள் ஹாலந்து தேசத்து என்ஷெடே நகரிலுள்ள ட்வெண்டே சர்வகலாசாலையார். பேராசிரியர் பிராங்க் லெபரிங்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2004 முதல் 2014 வரையுள்ள வருஷங்களில் செய்யப்பட்ட ஒன்பது எலெக்ட்ரானிக் மீட்டர்களை ஒரே கம்பியில் வரிசையாய் இணைத்து, ஒரு பழைய தட்டு மீட்டரையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வைத்துச் சோதித்தார்கள். சூடேற்றும் கருவிகளை இணைத்தபோது யாவும் ஒத்தே காட்டின. சிக்கன விளக்குகளையும் எல்.இ.டி. விளக்குகளையும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் 'டிம்மர்' விசையோடு இணைத்தபோதோ, ஒன்பதில் ஐந்து மீட்டர்கள் உண்மைக்கு மிக அதிகமாய்க் காட்டின. அவற்றுள் ஒன்றின் பிழை 582 சதவீதம் வரை சென்றது. இரண்டு மீட்டர்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துக் காட்டின. இம்முடிவுகள் 2017 மார்ச்சில் பத்திரிகைகளில் வெளியாகி, ஐரோப்பா முழுவதும் பேச்சாயின.

காரணம் மின்சாரத்தின் அளவில் இல்லை. அதன் வடிவத்தில் இருந்தது. சாதாரண மின்னோட்டம் வினாடிக்கு 50 தடவை அலைபோல ஏறி இறங்குகிறது. டிம்மர் விசையோ ஒவ்வோர் அலையின் முற்பகுதியையும் வெட்டி நிறுத்திவிட்டு, நடுவில் திடீரென்று திறந்துவிடுகிறது. மடை திறந்தவுடன் வாய்க்காலில் தண்ணீர் பாயும் வேகத்தோடு மின்னோட்டம் ஒரு கணத்தில் எழும்புகிறது. சில மீட்டர்களில் உணர்கருவியாய் அமைந்த 'ரொகோவ்ஸ்கி' சுருள், ஓட்டத்தின் அளவை விட அது மாறும் வேகத்தையே உணர்வது. அத்தனை வேகமான மாறுதலைத் தாங்கும்படி பின்னுள்ள உறுப்புகள் அமைக்கப்படாதபோது கணக்கு குழம்புகிறது. மேலே கூறிய சோதனையில் மிகுத்துக் காட்டியவை இவ்வகைச் சுருளுடையவை. குறைத்துக் காட்டியவை 'ஹால்' என்னும் வேறு வகை உணர்கருவியுடையவை. பழைய தட்டு மீட்டருக்கு இத்தகைய துள்ளல்கள் தெரியவே தெரியா. அதன் மந்தமே அதற்குக் காப்பாயிற்று. இதிலிருந்து பழைய மீட்டரே மேலானதென்று முடிவு செய்வது பிசகு. சுமைகளெல்லாம் விளக்கும் மோட்டாருமாயிருந்த காலத்துக்கு அது தகுந்தது, அவ்வளவே.

இந்தச் சோதனையைக் குறித்து எழுந்த ஆட்சேபம் ஒன்றையும் சொல்லவேண்டும். டிம்மருக்கென்று செய்யப்படாத விளக்குகளைப் பல சேர்த்து ஒரே டிம்மரில் கோத்து எரிக்கும் வீடு உலகத்தில் அபூர்வம். ஆகையால் 582 என்ற எண், ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே வரவழைத்த கேடு என்று மீட்டர் தரப்பினர் வாதித்தனர். அது நியாயமான வாதமே. ஆயினும் அத்துடன் விஷயம் முடியவில்லை. அதே சர்வகலாசாலையார் 2019-இல், ஒரு சாதாரணச் சிறு தண்ணீர்ப் பம்பு, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுடன் கடையில் விற்கப்படுவது, மீட்டர்களைப் பெரிதும் பிழைபடச் செய்வதைக் காட்டினார்கள். பம்பை முழு வேகத்தில் ஓட்டும்போதைவிட, வேகத்தைத் தணித்து ஓட்டும்போதே மின்னோட்டம் கூரிய துடிப்புகளாய் மாறித் தொல்லை தந்தது. 2018-இல் தொடங்கி ஐரோப்பிய அளவை நிலையங்கள் பல ஒன்றுகூடி இவ்விஷயத்தை ஆராய்ந்தன.

ஜெர்மனி தேசத்தில் இதற்கு முன்னரே வேறு விதமாய் இத்தொல்லை தலைகாட்டியிருந்தது. கூரைகளில் பரப்பிய சூரியத் தகடுகளின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்ற வடிவமாய் மாற்றும் 'இன்வெர்ட்டர்' கருவிகளிலிருந்து எழுந்த இரைச்சல், அருகிலிருந்த மீட்டர்களின் கணக்கைக் கெடுத்தது. விற்ற மின்சாரம் குறைவாய்ப் பதிவானால், களத்திலேயே தானியம் சிந்தியது போலத்தான். அக்காலத்துச் சோதனை விதிகள் 2 கிலோஹெர்ட்ஸுக்கும் 150 கிலோஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட இரைச்சலைக் கவனியாமல் விட்டிருந்தன. தெரிந்த கேட்டுக்கு மாத்திரம் சோதனை வைத்து, தெரியாத கேட்டை மறந்துவிடுவது மனித சுபாவம். 2014-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் அந்த இடைவெளிக்கென்று தனிச் சோதனை முறையை வகுத்து வெளியிட்டது. பண்ணையில் சூரியத் தகடு வைத்து மின்சாரம் விற்க நினைப்பவர், தம் மீட்டர் இச்சோதனைக்கு உட்பட்டதுதானா என்று ஒப்பந்தத்திற்கு முன் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுதல் நலம். இன்வெர்ட்டரின் திரையிலும் தினசரி உற்பத்தி காட்டப்படும். அதையும் மீட்டர் கணக்கையும் வாரத்துக்கொருமுறை பக்கத்துப் பக்கத்தில் எழுதி வந்தால், வித்தியாசம் திடீரென்று அகலும் நாள் தானே தெரிந்துபோகும்.

இனி நம் கிணறுகளில் ஓடும் மோட்டாரைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் வழியாக நேரே கம்பியில் இணைக்கப்படும் சாதாரண மூன்று பேஸ் இன்டக்‌ஷன் மோட்டார் வாங்கும் மின்னோட்டம் சீரான அலையாகவே இருக்கும். ட்வெண்டே சோதனையில் கண்டது போன்ற கூரிய வெட்டு அதில் கிடையாது. ஆதலால் அத்தகைய மோட்டாருக்கு மீட்டர் மடங்கு மடங்காய்ப் பிழைக்கும் என்று அஞ்ச இடமில்லை. வேகத்தை மாற்றும் 'டிரைவ்' கருவி வைத்த பம்புகள், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகள் நிறைந்த கோழிக் கொட்டகைகள் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். டிரைவ் கருவி வாங்குவோர் அதனுடன் 'ரியாக்டர்' என்னும் கம்பிச் சுருளையும் சேர்த்துப் பொருத்தும்படி கேட்டுக்கொள்வது உசிதம். அது மின்னோட்டத்தின் கூர்மையை மழுக்கும்.

மோட்டாருடன் கெபாசிட்டர் வைத்தால் மீட்டர் மெதுவாய் ஓடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. வாட்-மணிக் கணக்கில் கட்டணம் கட்டுவோருக்கு இது பெரும்பாலும் பலிக்காது. கெபாசிட்டர் கம்பியில் ஓடும் வீண் ஓட்டத்தைக் குறைக்கும். கம்பிச் சூடும் அழுத்த வீழ்ச்சியும் தணியும். அதனால் மோட்டாருக்கும் வாரியத்துக்கும் நன்மையே. மீட்டர் எண்ணுவது உண்மைச் சக்தியை மாத்திரமாதலால், பற்றுச்சீட்டில் அந்த நன்மை மிகச் சிறிதாகவே தெரியும்.

மீட்டர் தவறென்று எழும் முறையீடுகளில் பல, மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பியில் போய் முடிகின்றன. நம் நாட்டு ஒற்றை பேஸ் எலெக்ட்ரானிக் மீட்டர்கள், திருட்டைத் தடுக்கும் பொருட்டு பேஸ் கம்பி, நியூட்ரல் கம்பி இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது அதிகமோ அதன்படி கணக்கிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வளவில் அண்ணனுக்கு ஒரு இணைப்பும் தம்பிக்கு ஓர் இணைப்பும் இருந்து, கம்பி இழுத்த ஆள் சோம்பலினால் இருவர் வீட்டு நியூட்ரல் கம்பிகளையும் ஒன்றாய் முடிந்திருந்தால், தம்பி எரிக்கும் விளக்கின் ஓட்டத்தில் ஒரு பங்கு அண்ணனுடைய மீட்டர் வழியே திரும்பும். அண்ணனுடைய மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும். தம்பியின் மீட்டரோ தன் பேஸ் கம்பியின்படி முழுக்கணக்கையும் எண்ணும். ஒரே மின்சாரத்துக்கு இரு வீட்டிலும் கட்டணம் வீழும். தட்டு மீட்டர் இருந்த காலத்தில் இக்கோளாறு வெளித்தெரியாமல் கிடந்திருக்கும். புது மீட்டர் வந்ததும் வெளிப்பட்டு, பழி மீட்டர் மேலும், சில சமயம் உடன்பிறந்தார் மேலும் விழுகிறது. இதற்குப் பரிகாரம் இரு நியூட்ரல்களையும் பிரித்துவிடுவதே. ஒரு மணி நேர வேலை.

ஈரத்தில் கிடக்கும் கம்பியின் கசிவும் இத்தன்மையதே. மாட்டுக் கொட்டகையிலும் தோட்டத்து வேலியோரத்திலும் மேலுறை வெடித்த கம்பியிலிருந்து மண்ணுக்குள் இரவும் பகலும் ஓட்டம் கசிந்துகொண்டிருக்கும். மீட்டர் அதை நேர்மையாய்ப் பதிவு செய்யும். இது பணச் செலவு மட்டுமன்று. மாட்டுக்கும் ஆளுக்கும் உயிர்ச் சேதம் விளைவிக்கக்கூடியது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வீட்டிலுள்ள எல்லா விசைகளையும் அணைத்து, செருகிகளையும் பிடுங்கிவிட்டு, மெயின் விசையை மட்டும் போட்டபடி வைத்து, மீட்டரின் சிவப்பு விளக்கைக் கால் மணி நேரம் கவனித்தால் போதும். விளக்கு மின்னினால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மறந்துபோன சுமை ஒன்று உண்டு. பிறகு மெயின் விசையையும் அணைத்துப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் மின்னல் தொடர்ந்தால் குற்றம் மீட்டரிலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலுள்ள கம்பியிலோ, மேற்சொன்ன நியூட்ரல் முடிச்சிலோ இருக்கும். அந்நிலையில் வாரிய அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

மீட்டர் வேகமாய் ஓடுகிறதா என்பதை அறிய, அளவு தெரிந்த ஒரு சுமை வேண்டும். சிவப்பு விளக்கின் மின்னலை எண்ணி, மீட்டரின் எண்களோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். இரண்டும் ஒரே சில்லின் வாய்மொழியாதலால் ஒத்தேயிருக்கும். தண்ணீர் சுடவைக்கும் 1500 வாட் ஹீட்டர் இதற்குத் தகுந்தது. அதை வாளித் தண்ணீரில் முழுக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நாலு நிமிஷம் மின்னலை எண்ண வேண்டும். இச்சமயத்தில் தண்ணீரைத் தொடலாகாது. 1500 வாட் நாலு நிமிஷத்தில் செலவழிப்பது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆதலால், யூனிட்டுக்கு 3200 மின்னலுள்ள மீட்டரில் 320 மின்னல் வரவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஹீட்டரின் மீது பொறித்த 1500 என்பது 230 வோல்ட் அழுத்தத்துக்கு உரியது. கிராமங்களில் மாலை வேளையில் அழுத்தம் 207 வோல்ட்டாக இறங்கினால், ஹீட்டர் 1215 வாட்தான் வாங்கும். மின்னலும் சுமார் 259 தான் வரும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதே இதற்குக் காரணம். இதை அறியாமல், மீட்டர் குறைவாய் ஓடுகிறதென்று மகிழ்ந்து வாளாவிருப்பவரும் உளர். எலெக்ட்ரீஷியனிடமுள்ள மல்டிமீட்டரால் அழுத்தத்தை அப்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். ஹீட்டரின் அளவே சில சதவீதம் முன்பின்னாயிருக்குமாகையால், இச்சோதனையால் ஒரு சதவீதப் பிழையைக் காண முடியாது. 320 வரவேண்டிய இடத்தில் 310-ம் 335-ம் வந்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. 400 வந்தால் சோதனையை மறுநாளும் செய்து பார்த்து, அதே விடை வந்தால் முறையிடலாம்.

இதற்குப் பதிலாக மின்னோட்டத்தைக் 'கிளாம்ப்' கருவியால் அளந்து, வோல்ட்டால் பெருக்கி, வந்த தொகையை மீட்டரோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. மோட்டாருக்கு இது பொருந்தாது. 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் வாங்கும் மூன்று பேஸ் மோட்டாருக்குப் பெருக்கல் கணக்கின்படி 5.4 கிலோ வோல்ட்-ஆம்பியர் வரும். பவர் பாக்டர் 0.85 என்றால் உண்மைச் சக்தி 4.6 கிலோவாட்தான். இடையிலுள்ள வித்தியாசத்தை மீட்டரின் பிழையென்று எண்ணிவிடுதல் எளிது.

மீட்டர் உள்ள இணைப்பில் ஓடும் பம்புசெட்டைச் சோதிக்க, தண்ணீரே நல்ல சாட்சி. 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுப் பளுவில் தண்டு முனையில் 3.7 கிலோவாட் கொடுக்கும். அதற்காகக் கம்பியிலிருந்து சுமார் 4.5 கிலோவாட் வாங்கும். ஆக, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் மீட்டரில் சுமார் 4.5 யூனிட் ஏறவேண்டும். 9 யூனிட் ஏறினால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். 5 அல்லது 5.5 ஏறினால், சுருள் மாற்றிக் கட்டிய பழைய மோட்டாரா, புஷ் தேய்ந்ததா, பம்பு தன் அளவுக்கு மீறிப் பளு வாங்குகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

இத்தோடு தண்ணீரையும் அளக்க வேண்டும். 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் 20 வினாடியில் நிரம்பினால், வினாடிக்கு 10 லிட்டர் வருகிறது. உராய்வையும் சேர்த்து 20 மீட்டர் உயரத்துக்கு அதைத் தூக்குவதற்கு உண்மையில் வேண்டிய சக்தி சுமார் 2 கிலோவாட். மீட்டர் 4.5 காட்டினால், மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு 45 பங்கு வேலை செய்கின்றன என்று பொருள், குற்றமில்லை. ஓர் ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் கட்டச் சுமார் 2,02,000 லிட்டர் வேண்டும். வினாடிக்கு 10 லிட்டர் வீதம் அது 5.6 மணி நேர வேலை. 25 யூனிட் செலவு. அடிவால்வு அடைத்தோ, இம்பெல்லர் தேய்ந்தோ, கிணற்றில் நீர் இறங்கியோ தண்ணீர் வினாடிக்கு 5 லிட்டராய்க் குறைந்தால், மோட்டார் ஏறக்குறைய அதே சக்தியை வாங்கிக்கொண்டு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். யூனிட் ஐம்பதாகும். அந்த விவசாயி வழக்கம்போல் ஓர் ஏக்கர் பாய்ச்சினதை நினைவில் வைத்து, மீட்டர் இரட்டிப்பாய் ஓடுகிறதென்று சாதிப்பார். ஒரு மணி நேரக் கணக்கும் பீப்பாய்க் கணக்கும் கையிலிருந்தால் விஷயம் உடனே விளங்கிவிடும். மீட்டர் சரி, தண்ணீர் பாதி என்றால் செலவழிக்க வேண்டிய இடம் பம்பு மெக்கானிக்கின் பட்டறை.

இடியும் மின்னலும் மீட்டருக்குப் பகை. பதிவு திடீரென்று நின்றுபோவது, திரை இருண்டு போவது, எண்கள் தாவுவது ஆகியவை பெரும்பாலும் இடிமழைக்குப் பின் நேர்பவை. ஆகையால் மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை எண்ணைக் குறித்து வைப்பது நன்று. பங்காளிகளும் வாடகைக்காரரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளக் கடையில் வாங்கி மாட்டும் தனி மீட்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரியத்தின் சோதனையோ முத்திரையோ இல்லாத அவற்றை ஹீட்டர்ச் சோதனைக்கு உட்படுத்தாமல் பணக் கணக்குக்கு வைத்தல் தகாது. பெரிய மீட்டரும் சிறிய மீட்டரும் ஒவ்வாமல் போகும்போது வழக்கு வளர்கிறது. குற்றம் பெரும்பாலும் சிறியதில்.

மீட்டரின் முத்திரையை எக்காரணத்தைக் கொண்டும் உடைக்கலாகாது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அதைத் திருட்டோடு சேர்த்துவிடும். காந்தம் வைத்து ஓட்டத்தைத் தடுக்கலாம் என்ற யோசனையும் ஆபத்தானது. இக்காலத்து மீட்டர்கள் அதைத் தேதியுடன் பதிவு செய்துகொள்கின்றன. சோதிக்கும் உரிமை விவசாயிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. உபயோகிப்போர் மீட்டர்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையேனும் அந்தந்த இடத்திலேயே சோதிக்க வேண்டுமென்று 2006-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. 2020-ஆம் வருஷத்து மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மீட்டரைப் பற்றி முறையீடு வந்தால் 30 நாளைக்குள் அது சோதிக்கப்பட வேண்டும். 2024-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டு, மீட்டர் கணக்கு செலவுக்குப் பொருந்தவில்லை என்று முறையிட்டால், ஐந்து நாளைக்குள் மற்றொரு மீட்டரைப் பக்கத்தில் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்ற ஏற்பாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. டிரைவ் கருவியும் சூரிய இன்வெர்ட்டரும் உள்ள பண்ணைகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிரயோஜனமானது. ஏனெனில், மீட்டரைக் கழற்றிச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள சீரான மின்னோட்டத்தில் அது குற்றமற்றதாகவே காட்டும். குற்றம் அந்தப் பண்ணையின் கம்பியில்தான் வெளிப்படும்.

முறையீட்டில் மின் இணைப்பு எண், மீட்டர் எண், முகப்பிலுள்ள மின்னல் எண், பழைய மீட்டர் மாற்றப்பட்ட தேதி, கடைசி ஆறு பற்றுச்சீட்டுகளின் யூனிட்டுகள், ஹீட்டர்ச் சோதனை நடத்திய தேதி, வேளை, அப்போதைய வோல்ட், எண்ணிய மின்னல் ஆகியவற்றை வரிசையாய் எழுத வேண்டும். டிரைவ், இன்வெர்ட்டர், டிம்மர் எவையேனும் இருந்தால் அவற்றின் பெயர்ப்பலகையில் கண்ட விவரமும், பக்கத்து மீட்டர் மாட்டப்படும் நாட்களில் அவை வழக்கம்போல் ஓடவேண்டும் என்ற வேண்டுகோளும் சேர்க்கப்பட வேண்டும். நகல் ஒன்றில் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொண்டால், ஐந்து நாளும் முப்பது நாளும் எப்போது தொடங்கின என்பதில் தகராறு வராது.